ஏழு பலகைகளும் ஓர் ஓவசியரும்

ஒரு குளத்தைக் கண்டால் இந்திரகுமார் முதலில் தண்ணீரைப் பார்ப்பதில்லை. கட்டு எங்கே, தண்ணீரைத் திறந்து மூடும் துருசு எங்கே, மிஞ்சிய தண்ணீர் வழியும் வான் எந்தப் பக்கம் பாயும் என்றுதான் அவர் கண் தேடும். மீசாலையில் பிறந்து, பரந்தனில் வயல் செய்த மாமன் வீட்டில் வளர்ந்தவருக்கு இது இயல்பு. குளம் என்றால் யாரோ கட்டியது. யாரும் கட்டாத குளம் என்றும் ஒன்று இருக்கலாம் என்பது, முப்பது வயதில் நோர்வேக்கு வந்த பிறகுதான் அவருக்குத் தெரியவந்தது. நோர்வேக்காரரின் பழக்கம் நேர் எதிர். காட்டுக்குள் தண்ணீரைக் கண்டால், அது பனிக்கட்டிக் காலம் முடிந்த நாளிலிருந்து அப்படியே கிடக்கிறது என்று எண்ணி, அதன் கரையில் உட்கார்ந்து தோடம்பழம் உரிப்பார்கள்.

இந்த இரண்டு பழக்கங்களுக்கும் நடுவில், ஓஸ்லோவின் கிழக்கே, அம்மருட் அடுக்குமாடிகளுக்கு மேலுள்ள காட்டில் கிடந்தது லொம்த்யெர்ன் என்ற சின்னக் குளம். நடந்த கூத்து அத்தனைக்கும் காரணம் அது அங்கே கிடந்ததுதான்.

இந்திரகுமாருக்கு இப்போது அறுபது வயது. வடக்கே மீன் தொழிற்சாலையில் எட்டு வருடம், ஓஸ்லோவில் துப்புரவு வேலையில் ஒன்பது வருடம். அதன்பின் கிழக்குக் காடுகளின் பாதைகளைப் பராமரிக்கும் ஒரு சிறு நிறுவனத்தில் சேர்ந்தார். நடைபாலங்களுக்குப் பலகை மாற்றுவது, பாதைக்கு அடியில் போகும் குழாய்களில் அடைபட்ட இலைகளை வாருவது, விழுந்த மரத்தை அறுப்பது ஆகியவை அவருடைய வேலை. எந்தப் பள்ளிக்கூடமும் அவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் சட்டைப்பையில் எப்போதும் ஒரு மடக்கு அளவுகோல் இருக்கும். அளக்காமல் அவர் ஒரு ஆணியும் அடித்ததில்லை.

வேலைக்குச் சேர்ந்த அடுத்த வருடம், ஒக்டோபர் மாதத்தில், லொம்த்யெர்னுக்குப் பக்கத்தில் ஒரு நடைபாலத்தைத் திருத்த அவரை அனுப்பினார்கள். அன்று மழை. குளம் முழங்காலளவு சேறும் கோரையுமாக இருந்தது. தண்ணீர் வெளியேறும் வாயில் பாசி பிடித்த இரண்டு கருங்கல் தூண்கள் நின்றன. ஐம்பது வருடமாக ஊர் மக்கள் அவற்றை இருக்கையாகத்தான் பாவித்து வந்தார்கள். இந்திரகுமார் பாசியைச் சுரண்டிப் பார்த்தார். தூணுக்கு ஒன்றாக, பலகை இறக்குவதற்கு நேருக்கு நேர் நீளமாக வெட்டிய இரண்டு காடிகள். அடியில் இற்றுப்போன ஒரு பலகைத் துண்டு. மேலே பாறையில் அடித்த ஓர் இரும்பு முளை. தண்ணீர் இதுவரை ஏறலாம், இதற்கு மேல் ஏறக்கூடாது என்று எவனோ ஒரு பொறியியலாளன் அடித்துவிட்டுப் போன முளை.

துருசு! அதுவும் ஐப்பசி மழை கொட்டும்போது திறந்து கிடக்கும் துருசு!

அவருக்கு மனம் பொறுக்கவில்லை. ஆளில்லாத வீட்டில் குழாய் திறந்து கிடப்பதைக் கண்டவன், யாருடைய வீடு என்று விசாரித்துக்கொண்டா நிற்பான்? பாலத்துக்குக் கொண்டுபோன லார்ச் மரத்தில் மிச்சம் இருந்தது. ஏழு பலகைகள் அறுத்தார். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சீவினார். எல்லாவற்றுக்கும் மேலே வரவேண்டிய பலகையில், பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஒரு பிள்ளையார் சுழி இழுத்தார். அதைப் பார்த்த அவர் மனைவி சத்தியபாமா கேட்டாள்.

"என்னப்பா, வீடு கட்டுறியளோ?"

"ஒரு சின்னத் துருசு. அடைக்கப் போறன்."

"ஆர் அடைக்கச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. மழை பெய்யுதெல்லே."

"சுழி போட்டனீங்கள், தேங்காய் உடைக்க வேண்டாமோ? அரைகுறையாக் கும்பிட்டால் அரைகுறையாத்தான் தண்ணி நிக்கும்" என்று சொல்லி, தமிழ்க் கடையில் வாங்கி வைத்திருந்த ஒரே தேங்காயை எடுத்து அவர் பையில் போட்டாள்.

தூணில் தேங்காய் உடைத்து, ஏழு பலகைகளையும் ஒவ்வொன்றாகக் காடியில் இறக்கினார். உடைத்த தேங்காயின் சொட்டைக் கீறித் தேநீரோடு தின்றுவிட்டுச் சிரட்டைகளைத் தூணிலேயே வைத்துவிட்டு வந்தார். மூன்று கிழமையில் தண்ணீர் முளைக்கு ஒரு விரற்கடை கீழே வந்து நின்றது. இந்திரகுமாருக்கு அன்றிரவு நல்ல நித்திரை.

ஒரே ஒரு கணக்குத்தான் பிழைத்துவிட்டது. பரந்தனில் மழை முடிந்தால் வெள்ளமும் முடிந்தது. நோர்வேயில் ஐந்து மாதத் தண்ணீரைப் பனி தன் மடியில் கட்டி வைத்திருந்து, ஏப்ரலில் ஒரே கிழமையில் அவிழ்த்துக் கொட்டும். அந்த ஏப்ரலில் கொட்டியது. குளம் தூண்களுக்கு மேலால் வழிந்து, ஓடை வழியே இறங்கி, கீழே இருந்த பாலர் பாடசாலையில் பிள்ளைகள் விளையாடும் மணற்குழிக்குள் புகுந்தது. வாளிகள் மிதந்தன. இறப்பர்ச் சப்பாத்தோடு நின்ற பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய திருவிழா வாழ்க்கையில் வந்திருக்காது. இந்திரகுமார் மேலே ஓடிப்போய் மூன்று பலகைகளை உருவினார். ஓடை முதலில் இன்னும் ஏறியது; குளம் இறங்கி, உருகி வரும் தண்ணீருக்கு இடம் விட்டபின் அடங்கியது.

அதன்பின் ஒரு வருடமும் தவறியதில்லை. ஏப்ரல் பதினாறில் மேல் மூன்று பலகையும் வெளியே வரும். ஜூன் முதல் கிழமையில் திரும்ப உள்ளே போகும். இப்படிப் பதினொரு ஏப்ரல்.

குளம் நிறைந்ததும் அல்லி பூத்தது. குளத்தின் பெயருக்கு உரிய லொம் என்ற நீர்ப்பறவைகள் ஒரு சோடி வந்து கரையோரம் கூடு கட்டின. ஊர்ச் செய்தி மடலில், "இயற்கை தன்னைத் தானே குணப்படுத்திக்கொண்டது" என்று படத்தோடு எழுதினார்கள். இந்திரகுமார் அதை இரண்டு தரம் வாசித்தார், மூன்றாவது தரம் மனைவிக்கு வாசித்துக் காட்டினார்.

"இயற்கை எண்டு போட்டிருக்கிறாங்கள். உங்கடை பேரைப் பிழையா எழுதிப்போட்டாங்கள் போலை" என்றாள் சத்தியபாமா.

நான்காம் வருடம் ஒரு பீவர் வந்தது. தட்டை வாலும் கத்தரிப் பல்லும் கொண்ட அந்தக் கொழுத்த பிராணிக்குத் தண்ணீர் ஒழுகும் சத்தம் ஆகாது. எங்கே ஒழுகினாலும் தடி வெட்டி வந்து சேறு அப்பி அடைக்கும். இந்திரகுமாரின் பலகைகளுக்கு முன்னும் பின்னும் அது அப்பத் தொடங்கியது. ஏப்ரலில் அவர் சேற்றை விலக்கிப் பலகையை உருவுவார், ஜூனில் அவர் பலகையை இறக்கியதும் அது சேறு பூசி வேலையை முடித்து வைக்கும். அவர் விட்ட சின்ன இடுக்கைக்கூட அது விட்டுவைக்காது. ஒருநாள் அது தண்ணீரில் நின்று அவர் வேலையை மேலும் கீழுமாகப் பார்த்தது. ஊரில் குளத்து வேலையை மேற்பார்க்க வரும் ஓவசியர் அப்படித்தான் பார்ப்பார்; அன்றிலிருந்து அவர் அதை ஓவசியர் என்றே அழைத்தார்.

சிக்கல் இந்த வருட ஏப்ரலில், ஒரு திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் வந்தது.

கூட்டத்தை நடத்தியவள் லீசா. நிறுவனத்தின் பொறியியலாளர், இந்திரகுமாருக்கு மேலதிகாரி, பேச்சிலும் அளவுகோல் வைத்திருப்பவள். அவளுக்குப் பக்கத்தில் ஆன்ட்ரியாஸ் என்ற இளம் உயிரியலாளன், கண்ணெல்லாம் வெளிச்சமாக நின்றான். லொம்த்யெர்னைப் பற்றி அவன் ஓர் அறிக்கை எழுதியிருந்தான். அதன்படி, மனிதக் கை படாத காட்டுக் குளம் அது. பீவர் கட்டிய அணையால் தானாக உயிர்பெற்றது. இன்றிலிருந்து அது பாதுகாக்கப்பட்ட இடம். அணையில் யாரும் கை வைக்கக் கூடாது. பீவரைக் கவனிக்க இரண்டு கமராக்களை அவன் ஏற்கெனவே மரத்தில் கட்டிவிட்டான்.

நோர்வே மொழியில் மேலதிகாரியும் 'நீ', கடைநிலை வேலையாளும் 'நீ'. யார் என்ன பேசினாலும் இந்திரகுமாரின் காதுக்குள் அது யாழ்ப்பாணத் தமிழாகித்தான் விழும்.

"கேள்வி ஏதும் இருக்கோ?" என்றாள் லீசா.

"ஏப்ரலிலை தண்ணி கூட வருமே. அணையைக் கொஞ்சம் திறக்கிறதில்லையோ?" என்று இந்திரகுமார் மெல்லக் கேட்டார்.

ஆன்ட்ரியாஸ் சிரித்தான். "குமார், அது இயற்கை. இயற்கைக்குத் தெரியும் எப்ப திறக்கிறதெண்டு."

இயற்கைக்குத் தெரியாது என்பது இந்திரகுமாருக்குத் தெரியும். இந்த வருடம் பனி அதிகம். அன்று பின்னேரமே காட்டுக்குப் போய் அளந்தார். நிழல் பக்கத்தில் எண்பத்தெட்டு சென்ரிமீற்றர். வெள்ளிக்கிழமை பதினாலு பாகை வெயிலும் பின்னேரம் மழையும் என்று வானிலை சொன்னது. கீழே பாலர் பாடசாலைக்காரர் போன வருடம் ஓடைக்கரையில் புதுக் கொட்டகை ஒன்று போட்டிருந்தார்கள். நோர்வேயில் கைக்குழந்தைகளை வெளிக்காற்றில்தான் நித்திரையாக்குவார்கள். அந்தக் கொட்டகையில் பகல் பதினொரு மணிக்குப் பன்னிரண்டு தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கும், பன்னிரண்டிலும் பிள்ளைகள் நித்திரையாக இருக்கும். கொட்டகைத் தரை ஓடையைவிட எவ்வளவு உயரம் என்றும் அளந்தார். நாற்பத்தொரு சென்ரிமீற்றர். முதல் வருடம் வந்த வெள்ளம் அறுபது.

சந்தடி இல்லாமல் பலகையை உருவிவிடலாம் என்றால், இரண்டு கமரா கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தன.

வெஸ்ட்லியில் இருந்த தன் வீட்டில் அன்றிரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. சத்தியபாமா பார்த்தாள்.

"கறி சரியில்லையோ, இல்லாட்டி ஓவசியர் வேலையை விட்டிட்டாரோ?"

விசயத்தைச் சொன்னார். சொல்லி முடித்ததும் அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "பதினொரு வருசம் நீங்கள் கட்டினது, பேர் ஒரு பீவருக்கோ?"

"பேர் போனால் போகட்டும். நான்தான் அடைச்சனான் எண்டு சொன்னால் வேலை போகும். அனுமதியில்லாமல் தண்ணியை உயர்த்தினது சட்டப்படி குற்றம். பென்சனுக்கு இன்னும் ரெண்டு வருசம்."

"சொல்லாட்டி?"

"பன்ரெண்டு வண்டில்."

அவள் தட்டை எடுத்து வைத்தாள். "அப்ப இதிலை யோசிக்க என்ன இருக்கு? பீவரே போய்ச் சொல்லப் போகுது? நாளைக்கே சொல்லுங்கோ. வேலை போனால் நான் பாத்துக்கொள்ளுறன். ஆனால் வீட்டிலை இருந்து என்ரை சமையல் பாத்திரங்களை அளக்கக் கூடாது."

செவ்வாயன்று லீசா இல்லை. புதன்கிழமை காலை, இந்திரகுமார் அவளையும் ஆன்ட்ரியாஸையும் குளத்தடிக்கே கூட்டிப்போனார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மணமேடைக்கு வந்தவர் மாதிரி நிமிர்ந்து நின்று சொன்னார்.

"இந்த அணை பீவர் கட்டினதில்லை. நான் கட்டினது."

மூன்று பேரும் அணையைப் பார்த்தார்கள். சேறு, தடி, பிர்ச் கொப்பு, பாசி. எந்தப் பக்கம் பார்த்தாலும் பீவரின் கைவேலை.

ஆன்ட்ரியாஸ் அன்பாக அவர் தோளில் கை வைத்தான். "குமார், நீ இந்தக் காட்டிலை எவ்வளவு உழைச்சனி எண்டு எங்களுக்குத் தெரியும். ஆனால் இது..."

"உள்ளுக்கை ஏழு பலகை இருக்கு."

"பகிடி விடாதை."

"மேலுக்கு இருக்கிற சேத்தை ஒரு பிடி எடுத்தால் தெரியும்."

"தொடாதை! பாதுகாக்கப்பட்ட இடம்!"

செய்த குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்த மனிதன் அதை நிரூபிக்கவும் வழியில்லாமல் நின்றான். இப்படி ஒரு கேவலம் தனக்கு வரும் என்று இந்திரகுமார் நினைத்ததே இல்லை.

லீசா தூண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள், "பலகை என்ன நீளம்?"

"நூற்றி நாற்பத்திரண்டு சென்ரிமீற்றர்."

"காடிக்குக் காடி?"

"நூற்றி நாற்பத்திநாலு. லார்ச் ஊறினால் பருக்கும். காடிக்குள்ளை இறுகக் கூடாதெண்டு ரெண்டு விட்டனான்."

லீசாவின் புருவம் ஏறியது. தன் அளவுநாடாவை எடுத்துத் தூணுக்குத் தூண் வெளியிலிருந்து பிடித்துப் பார்த்தாள், சுருட்டினாள். "பீவருக்கு இந்த ரெண்டு சென்ரிமீற்றர் தெரியாது, ஆன்ட்ரியாஸ்."

"அவர் வெளியிலை நிண்டு அளந்திருக்கலாம்" என்றான் ஆன்ட்ரியாஸ். அவன் குரலில் இப்போது பிடிவாதத்தைவிடக் கவலை கூட. அறிக்கையில் அவன் பத்து மாதம் உழைத்திருந்தான். அணையின் ஓரமாகக் குந்தி, தடிகளை ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினான். "பார், இது பிர்ச். பல்லடையாளம். இது அஸ்ப். பல்லடையாளம். இது..."

நின்றான். இரண்டு தடிகளுக்கு நடுவில், சேற்றில் கவிழ்த்து அழுத்தி, அழகாகப் பொருத்தியிருந்தது ஒரு கறுத்த கிண்ணம். மேலே கொஞ்சம் பாசி. அவன் மெல்ல அதை வெளியே எடுத்தான். திருப்பிப் பார்த்தான். மூன்று கண்கள் அவனைத் திரும்பிப் பார்த்தன.

"இது என்ன? ஏதும் பறவையின்ரை..."

"சிரட்டை" என்றார் இந்திரகுமார். வாழ்க்கையில் ஒரு சிரட்டையைக் கண்டு அவர் இவ்வளவு சந்தோசப்பட்டதில்லை. "தேங்காய்ச் சிரட்டை. நான் உடைச்சது. மற்றப் பாதியும் இதுக்குள்ளைதான் எங்கையோ இருக்கவேணும். ஓவசியர் ஒண்டையும் வீணாக்க மாட்டார்."

லீசா சிரட்டையை வாங்கிக்கொண்டு அண்ணாந்து மரங்களைப் பார்த்தாள்.

"இந்தக் காட்டிலை தென்னை நிக்கிறதோ?" என்று லீசா ஆன்ட்ரியாஸைக் கேட்டாள். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை, அதுதான் அவளுடைய சிரிப்பு.

ஆன்ட்ரியாஸ் தானே குனிந்து ஒரு பிடி சேற்றை விலக்கினான். பலகையின் விளிம்பு வந்தது. விளிம்பில் கருகிய ஒரு சுழி.

"இது என்ன அடையாளம்?"

"எதைத் தொடங்கினாலும் முதல்லை நாங்கள் இதைப் போடுவம்."

"சட்டத்துக்குப் புறம்பானதைத் தொடங்கினாலுமோ?" என்றாள் லீசா.

"எதைத் தொடங்கினாலும்" என்றார் இந்திரகுமார்.

பன்னிரண்டு தள்ளுவண்டிகளின் கதையை அவர் அதன்பிறகுதான் சொன்னார். எண்பத்தெட்டு, நாற்பத்தொன்று, அறுபது என்ற மூன்று எண்களையும் லீசா ஒரு தரம்தான் கேட்டாள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு முழங்கால் இறப்பர்ச் சப்பாத்துக்கு மாறினாள். மூன்று பேருமாகச் சேற்றை விலக்கி, மூன்று பலகைகளை உருவினார்கள். தண்ணீர் ஒரேயடியாகக் கீழே பாயாமல் இருக்க, ஒவ்வொன்றுக்கும் நடுவில் அரை மணி நேரம் பொறுக்க வேண்டும் என்று இந்திரகுமார் சொன்னார். பொறுத்தார்கள். அந்த நேரத்தில் லீசா தூணில் உட்கார்ந்து ஆன்ட்ரியாஸுக்குக் காட்டைக் காட்டினாள்.

"அந்த ஸ்ப்ரூஸ் மரங்களைப் பார். எல்லாம் ஒரே வயசு, ஒரே வரிசை. நட்டது. இந்தப் பாதை வெடி வைச்சு எடுத்தது. இந்தக் கல் நூற்றைம்பது வருசத்துக்கு முந்தி மரக்குத்தி மிதக்க விடுறதுக்குப் பொறியியலாளர் வைச்சது. வசந்தத்திலை திறந்துவிட்டால் மரமெல்லாம் நகரத்துக்கு ஓடும். அதுக்கு முந்தி இங்கை குளமே இல்லை. சேத்து நிலம்."

ஆன்ட்ரியாஸுக்கு முகம் தொங்கிவிட்டது. "அப்ப நான் எதைப் பாதுகாக்கிறது? சேத்து நிலத்தையோ? மரக்காரரின்ரை குளத்தையோ? குமாரின்ரை குளத்தையோ? பீவரின்ரையையோ?"

கேள்வி நல்ல கேள்வி. இரண்டு பேரும் இந்திரகுமாரைப் பார்த்தார்கள்.

"எதையெண்டாலும் பாதுகாருங்கோ. ஆனால் மூண்டாவது பலகைக்கு நேரமாச்சு" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை பதினாறு பாகை வெயில் அடித்தது. பின்னேரம் மழையும் வந்தது. இந்திரகுமார் காலையிலிருந்து கொட்டகைக்குப் பக்கத்தில் அளவுகோலோடு குந்தியிருந்தார். நித்திரையால் எழும்பிய ஒரு பிள்ளை வண்டிக்குள்ளிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. ஓடை ஏறியது, ஏறியது, தரைக்கு ஏழு சென்ரிமீற்றர் கீழே வந்து நின்றது. பிறகு மனம் மாறியதுபோல இறங்கத் தொடங்கியது.

லீசா உள்ளதை உள்ளபடி மேலிடத்துக்கு எழுதினாள். அவள் எழுதாமல் விட்டிருந்தால் இந்திரகுமாருக்கே அவளில் மதிப்புக் குறைந்திருக்கும். மே மாதம் அவருக்கு இரண்டு கடிதங்கள் ஒரே உறையில் வந்தன. முதலாவது எழுத்து மூலமான எச்சரிக்கை. அனுமதியின்றி நீர்மட்டத்தை உயர்த்தியது கண்டிக்கத்தக்கது, இனிமேல் நடக்கக் கூடாது. இரண்டாவது, லொம்த்யெர்ன் அணை இன்றுமுதல் பதிவு செய்யப்பட்ட அணை. பதிவு செய்த அணைக்குப் பெயர் குறித்த ஒரு காவலர் வேண்டும். இந்திரகுமார் மூன்று நாள் வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுத வேண்டும்.

சத்தியபாமா இரண்டையும் வாசித்தாள். "களவெடுத்தவனைப் பேசிப்போட்டு, அவனிட்டையே பூட்டையும் திறப்பையும் குடுத்திருக்கினம்."

வகுப்பில் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு அவருடைய பாதி வயது. விரிவுரையாளர் பலகைக்கும் காடிக்கும் இடையில் ஒரு சென்ரிமீற்றர் விட வேண்டும் என்றார். இந்திரகுமார் கையை உயர்த்தி, லார்ச்சுக்கு அது போதாது என்றார். அதில் அரை மணி நேரம் போனது. பரீட்சையில் தேறினார்.

ஆன்ட்ரியாஸ் அறிக்கையை மாற்றி எழுதினான். 'மனிதக் கை படாத' என்ற சொற்களை வெட்டிவிட்டு, வேறு என்ன போடுவது என்று தெரியாமல் பல நாள் அந்த இடத்தை வெறுமையாகவே வைத்திருந்தான். கடைசியில், 'பல கைகள் பட்ட' என்று போட்டான்.

ஜூன் முதல் கிழமை, பலகைகளைத் திரும்ப இறக்க இந்திரகுமார் போனபோது, ஆன்ட்ரியாஸ் முதலே வந்து காத்து நின்றான். சத்தியபாமா இந்த முறையும் பையில் தேங்காய் வைத்திருந்தாள், பதிவு செய்த அணை என்பதால் கொஞ்சம் பெரியதாக. மூன்றாவது பலகை இறங்கிக்கொண்டிருக்கும்போது நாயோடு போன ஒரு பெண் நின்று, இரண்டு பேரையும் முறைத்தாள்.

"அதை ஏன் நோண்டுறீங்கள்? இயற்கையை அது இருந்தபடி விடக்கூடாதோ?"

இந்திரகுமார் வாய் திறக்குமுன், ஆன்ட்ரியாஸ் எழும்பி, கையிலிருந்த சேற்றைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, தூண்களையும் முளையையும் காட்டி அவளுக்கு விளக்கத் தொடங்கினான். நாய் படுத்து நித்திரையாகிவிட்டது. அவள் போனபிறகு, உடைத்த தேங்காயின் சொட்டைத் தின்றுகொண்டு அவன் கேட்டான்.

"சிரட்டையை நாங்கள் கொண்டுபோறதோ, வைச்சிட்டுப் போறதோ?"

"அது ஓவசியரின்ரை பங்கு" என்றார் இந்திரகுமார்.

ஆன்ட்ரியாஸ் இரண்டு பாதிகளையும் தூணில் கவனமாக வைத்தான், குறிப்புப் புத்தகத்தில் நேரத்தையும் எழுதினான்.

ஐந்தாம் நாள் மாலை, டி-பானே என்ற நகர ரயிலில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த இந்திரகுமாரின் கைத்தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. கமரா எடுத்தது. ஜூன் மாதத்து நீண்ட வெயிலில் தண்ணீர் பொன்னாகக் கிடந்தது. அதற்குள் கழுத்தளவில் ஓவசியர், வாயில் அரைத் தேங்காய்ச் சிரட்டையோடு, இடது தூணுக்குப் பக்கத்தில் அவர் விட்டிருந்த இடுக்கை நோக்கி நீந்திக்கொண்டிருந்தார்.

இந்திரகுமார் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். இடுக்கு ஒரு விரற்கடை இருக்கும். அதைத் தான் கவனிக்காமல் விட்டது அவருக்கு வெஸ்ட்லி வரைக்கும் உறுத்திக்கொண்டே வந்தது.